நிவாரணம் வந்துவிட்டது, மீட்சி எப்போது?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிவிட்டு ஆந்திரக் கரைக்குப் போனது. வெள்ளம் வடிவதற்குள் அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்து மக்களுக்கு இரண்டாவது அடி விழுந்தது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து மழைநீரோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றைப் பிடித்து முகத்துவாரம் வரை படர்ந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று கரையோரக் குப்பங்களில் ஃபைபர் படகுகள் அடி முதல் விளிம்பு வரை கறுத்தன. நைலான் வலையில் இந்த எண்ணெய் ஏறினால் துவைத்து எடுக்க முடியாது. கண்ணிக்குக் கண்ணி பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். அந்த வலையில் இறால் பட்டாலும் எண்ணெய் வாடை அடிக்கும், வியாபாரி கையில் வாங்க மாட்டார். ஆற்றைச் சுத்தம் செய்ய முதலில் இறங்கியவர்களும் இதே மீனவர்கள்தான், பல இடங்களில் வாளியும் மக்குமாக, கையுறைகூட இல்லாமல்.

அந்த மாதம் இந்தப் பகுதிக்கு அரசிடமிருந்து வெவ்வேறு தொகைகள் வந்தன. புயல் வெள்ளத்துக்காகச் சென்னையிலும், பொன்னேரி உள்ளிட்ட சுற்று வட்டங்களிலும் ரேஷன் கடை டோக்கன் மூலம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். எண்ணெய்க் கசிவுக்கு மாநில அரசு தனியாக அறிவித்தது 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 என்பது கணக்கு. பக்கத்து வீட்டுக்கு ஒரு தொகை, நமக்கு வேறு தொகை ஏன் என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தப் பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் பதில் பிடிபடும்.

முதல் பெட்டி, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் இது இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒன்றிய அரசு 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும் போடுகின்றன. எந்தப் பேரிடருக்கு இதைத் தொடலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு: புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சுனாமி, நிலச்சரிவு என்று போகும் அதில் தீயும் இருக்கிறது. குடிசைப் பகுதியில் தீப்பிடித்தால் வருவாய்த் துறை ஓடி வருவது இதனால்தான். எண்ணெய்க் கசிவும் வாயுக் கசிவும் அந்தப் பட்டியலில் இல்லை. தொழிற்சாலைகளுக்கு நடுவில் குடியிருக்கும் ஒரு ஊருக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே நடக்கும் விபத்துகள் பலவற்றுக்கு உரிமையாகக் கேட்டு வாங்கப் பட்டியலே கிடையாது. மாநில அரசு மனம் வைத்துத் தனியாக அறிவித்தால்தான் உண்டு.

பட்டியலில் உள்ள பேரிடருக்கும் தொகை முன்கூட்டியே அச்சிட்ட தொகைதான். 2022–26 காலத்துக்கான ஒன்றிய விதிகளில் உயிரிழப்புக்கு 4 லட்சம், முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000, சேதமான குடிசைக்கு 8,000, துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. முழுதாக நாசமான படகுக்கு அதில் எழுதியிருந்தது 15,000 ரூபாய், வலைக்கு 4,000. இந்தத் தொகையில் யார் படகு வாங்க முடியும்? அதனால்தான் மாநிலம் தன் கைப்பணத்தைச் சேர்த்து உயர்த்திக் கொடுக்கிறது. மிக்ஜாம் சமயத்தில் உயிரிழப்புக்கான தொகையைத் தமிழ்நாடு அரசு 5 லட்சமாக்கியது. பெரிய அழிவு என்றால் தேசிய நிதியிலும் கேட்கலாம். மிக்ஜாமுக்கும் அதே மாதம் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு 37,000 கோடிக்கு மேல் கேட்டது. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு விடுவித்தது 276 கோடி.

வீட்டு உதவியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இடிந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் என்று அதிகாரி சான்று தர வேண்டும். புறம்போக்கில் பட்டா இல்லாமல் தலைமுறையாக இருப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் குடிசைத் தொகைதான் மிஞ்சுகிறது. மீனவர் உதவியிலும் இதே கதை. சங்க அட்டையும் மீன்வளத் துறைப் பதிவும் இருந்தால் பெயர் சுலபமாக ஏறும். படகே இல்லாமல் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும், கூடையைத் தலையில் சுமந்து விற்கும் பெண்களுக்கும் அந்த அட்டை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆறு கெட்டால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில்தான்.

ஆகவே பேரிடர் நடந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீடு, படகு, வலை, ஐஸ் பெட்டி, ஆடு மாடு எதுவானாலும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்வரை சேதத்தைத் துடைத்துவிடாதீர்கள். பெயர் விட்டுப்போனால் வாய்மொழியாகச் சொல்லித் திரும்பாமல், உங்கள் பகுதி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பின்னால் எந்த வாசலில் நின்றாலும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

இதுவரை சொன்னது தனித்தனிக் குடும்பத்துக்கு வரும் காசு. ஊருக்கு? 2019–20 காட்டுத்தீக்குப் பிறகு ஆஸ்திரேலியா இதற்கென்று தனித் திட்டமே போட்டது. சுமார் 39 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி, உள்ளாட்சிகளும் ஊர்ச் சங்கங்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சமுதாயக் கூடம், தங்குமிடம், உள்ளூர்த் தொழில் என்று தங்களுக்கு எது வேண்டும் என்பதை ஊரே எழுதிக் கொடுத்தது. நம்மிடமும் காசு இல்லாமல் இல்லை. பேரிடருக்கான மாநில நிதியைப் பதினைந்தாவது நிதிக்குழு நான்காகப் பிரித்தது: உடனடி நிவாரணத்துக்கு 40 விழுக்காடு, மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் 30, முன்னேற்பாட்டுக்கு 10, ஆபத்தைக் குறைக்கும் பணிகளுக்கு 20. ஆனால் அந்த 30 விழுக்காட்டை ஊர் கேட்க வழியில்லை. அரசுதான் சேதத்தை மதிப்பிட்டு, திட்டம் போட்டுக் கேட்க வேண்டும். எண்ணெய் படிந்த அலையாத்திச் செடிகளும், சேறும் நிலக்கரிச் சாம்பலும் தூர்த்த ஆற்றுப் படுகையும் குடும்பத்துக்கு 12,500 கொடுப்பதால் மீளாது. ஊராட்சியாக இருக்கும் இடங்களில் கிராம சபையைக் கூட்டி, ஊருக்கு வேண்டியதைத் தீர்மானமாக எழுதி ஆட்சியருக்கு அனுப்பலாம். செலவில்லாத வழி, ஏனோ அதிகம் பயன்படாத வழி.

அடுத்த பெட்டி, கெடுத்தவருடையது. அரசு கொடுத்த நிவாரணத்தை வாங்கியதால் ஆலையிடம் கேட்கும் உரிமை போய்விடாது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், விபத்தில் நேர்ந்த இழப்புக்குத் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்க இடம் தருகிறது. வலையும் படகும் மட்டுமல்ல, தொழில் முடங்கிய நாட்களையும் கெட்டுப்போன ஆற்றையும்கூட அந்தச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அதன் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது, எண்ணெய்க் கசிவைத் தானாகவே வழக்காக எடுத்ததும் அதுதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வெள்ளத்திலும் தொழிற்சாலைப் பேரிடரிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி தருகிறது.

தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டுதான் கெடு. 2023 டிசம்பர் கசிவுக்கு அது 2028 டிசம்பரில் முடிகிறது. பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள், கொடுத்தது போதாது என்று நினைப்பவர்கள், கையில் இருக்கும் படத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அதற்குள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் படியேறிவிடுங்கள்.