படத்துக்கு அடியில் பாரதி

“பாரதியார் பத்திரிகையில் கேலிச்சித்திரமும் வந்ததா?” என்று வியந்து எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். வந்தது. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ்தான் அரசியல் கருத்துப்படத்தைத் தமிழில் வேரூன்றச் செய்தது.

இந்த மரபின் ஒரு வேர் பாரிஸில் இருக்கிறது. 1831-இல் பத்திரிகையாளர் ஷார்ல் பிலிப்போன், மன்னர் லூயி பிலிப்பின் முகத்தை நான்கே படங்களில் பேரிக்காயாக மாற்றிக் காட்டினார். அதே மன்னரைக் குடிகளின் காசை விழுங்கும் பூதமாக வரைந்த ஓவியர் ஓனோரே தோமியே 1832-இல் சிறைக்குப் போனார். 1835-இல் படங்களுக்குத் தணிக்கை வந்தது. பிலிப்போனின் ‘ஷாரிவாரி’ இதழைப் பின்பற்றி 1841-இல் லண்டனில் ‘பஞ்ச்’ பிறந்தது. அதன் வழியில் பம்பாயில் ‘ஹிந்தி பஞ்ச்’ வந்தது.

‘இந்தியா’வில் எனக்கு மிகவும் பிடித்தது படத்தோடு வரும் விளக்கம். யார் யார் நிற்கிறார்கள், எது எதைக் குறிக்கிறது என்று ஆற அமரச் சொல்லும். கேலியை விளக்கினால் சாரம் போய்விடும் என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். காஞ்சிபுரத்துக்கு அருகில் எங்கள் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் சமணக் கோயில் சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள். காட்சிகளுக்கு அடியில் தமிழில் குறிப்புகள். எழுத்தறிந்த ஒருவர் படித்துச் சொன்னால் கூடி நிற்பவர் எல்லோருக்கும் கதை விளங்கும். ‘இந்தியா’வின் விளக்கமும் அப்படித்தான். வைஸ்ராய்கள் கர்சனையும் மிண்டோவையும் நேரில் கண்டிராத வாசகரை அது அரசியலுக்குள் கைபிடித்து அழைத்துப் போனது. தோமியேவின் படங்கள் பலவற்றுக்கும் இப்படி வாசகம் எழுதியவர் பிலிப்போன்தான்.

1908-இல் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். பின்னாலேயே இதழும் போனது. தோமியேவைச் சிறையில் அடைத்த பிரான்ஸ் 1881-இல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இயற்றியிருந்தது. அதனால் புதுச்சேரியிலிருந்து அச்சிட முடிந்தது. ஆங்கிலேயர் தங்கள் எல்லைக்குள் இதழ் நுழையாமல் தடுத்தார்கள். 1910-இல் அது நின்றது.

பள்ளியில் பாரதியின் பாட்டை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவர் பத்திரிகையின் ஒரு படத்தைக்கூடக் காட்டுவதில்லை. பழைய இதழ்க் கட்டுகளை எடைக்குப் போடுகிறோம். விதான ஓவியம் உதிர்வதைப் பார்த்துக்கொண்டே பிரகாரம் சுற்றுகிறோம். இது எனக்குத் தாளவில்லை. நல்லவேளையாக, ‘இந்தியா’ படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். ஆசிரியர்கள் அதை வகுப்புக்கு எடுத்துப் போகட்டும். முதலில் படத்தை மட்டும் காட்டி, விளக்கத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.