கடிக்கும் மூளைக்கும் நடுவே

ஜாம்பி கதைகளுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஒருவன் கடிபடுவான். கொஞ்ச நேரத்தில் அவன் அவனாக இருக்க மாட்டான், அடுத்தவரைக் கடிக்கப் பாய்வான். ஊரே கவிழ்ந்துபோகும். தப்பிய நாலு பேர் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். 2002-இல் வந்த '28 டேஸ் லேட்டர்' ஆங்கிலப் படத்தில் மனிதன் மாறச் சில நொடிகளே போதும். 2016-இல் தமிழில் வந்த 'மிருதன்' படத்திலோ எல்லாம் ஊட்டியில் ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது. அந்தத் தேர்வு பொருத்தமானதுதான். கடி வழியாகப் பரவி, மூளைக்குள் புகுந்து, குணத்தையே மாற்றி, மறுபடி கடிக்க வைக்கும் கிருமி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸ்தான் அது.

இந்த நோயை மிக நெருங்கிப் பார்த்த ஊர்களில் ஒன்று பெங்களூரு. ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நரம்பு வைரஸியல் துறை, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் ரேபிஸ் ஆய்வு மையம். அதே வளாகத்தில் மனித மூளைக்கென்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு, பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். பதப்படுத்திய மூளையைக் கையுறை மாட்டிக்கொண்டு ஏந்திப் பார்க்கவும் விடுவார்கள். சராசரியாக 1,300 கிராம் எடை. ஒரு மனிதரின் பாசம், பயம், கோபம், மொழி எல்லாம் குடியிருந்த வீடு அது என்று நினைக்கும்போது கை தானாகவே கவனமாகிவிடுகிறது.

ரேபிஸில் இறந்த ஒருவரின் மூளையை வெறுங்கண்ணால் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அழுகல் கிடையாது, ஓட்டை கிடையாது. மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் தடயம் அகப்படும். பெரிய நரம்பு செல்களுக்குள் இளஞ்சிவப்பாக, வட்டமாகச் சில புள்ளிகள். 1903-இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி கண்டு சொன்னதால் அவற்றுக்கு நெக்ரி துகள்கள் என்று பெயர். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் பட்டறைகள் அவை. பட்டறை நடக்கிறது, ஆனால் செல் பெரும்பாலும் சாவதில்லை. நரம்பு செல் செத்தால் வைரஸுக்குப் பாதை போய்விடும். அதனால் வீட்டை இடிக்காமல், உள்ளே இருப்பவரின் பேச்சை மட்டும் மாற்றிவிடுகிறது. கதாசிரியர்கள் கற்பனை செய்த 'நடமாடும் பிணத்தை' விட இது எனக்கு ஆழமான அச்சத்தைத் தருகிறது.

இத்தனைக்கும் அந்த வைரஸின் மூலதனம் என்ன? துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவம், ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நீளம், ஐந்தே ஐந்து மரபணுக்கள். கடிவாயில் எச்சிலோடு இறங்கும் அது முதலில் தசையில் தங்குகிறது. தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில் நரம்பு நுனிக்குள் நுழைகிறது. நரம்பு இழைகளுக்குள் சரக்குகளைச் செல்லின் மையத்துக்குத் தூக்கிப்போகும் புரதங்கள் உண்டு, டைனின் என்பார்கள். வைரஸ் அதைப் பல்லக்காக்கிக்கொண்டு முதுகுத்தண்டை நோக்கிக் கிளம்புகிறது. வேகம், ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர். ரத்தத்தில் ஏறாமல் நரம்புக்குள்ளேயே ஒளிந்து போவதால் உடலின் காவல் படைக்குச் செய்தியே எட்டுவதில்லை.

மூளையைத் தொட்டதும் கதை வேகம் பிடிக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரு துண்டு, சில பாம்புகளின் நஞ்சை ஒத்திருக்கிறது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் கார்ஸ்டன் ஹ்யூஃபர் குழுவினர் அந்தத் துண்டை மட்டும் எலிகளின் மூளையில் செலுத்திப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: வைரஸே இல்லாமல், அந்தத் துண்டு மட்டுமே எலிகளை நிலைகொள்ளாமல் ஓட வைத்தது. மூளையிலிருந்து வைரஸ் மீண்டும் நரம்பு வழியே வெளியே வந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளை நிறைக்கிறது. அதே சமயத்தில் தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலே, சில நேரம் முகத்தில் காற்று பட்டாலே, தொண்டை இறுகி மூச்சு முட்டுகிறது. எச்சில் உள்ளே இறங்காமல் வாயில் தேங்குகிறது. நாய்க்கோ கடிக்கும் வெறி ஏறுகிறது. வாயில் வைரஸ் நிறைந்திருக்கும் நேரத்தில் கடிக்கும் வெறியும் கூடினால் பரவுவதற்கு வேறென்ன வேண்டும்! எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஐந்தில் ஒருவருக்கு வெறியே இராது, கைகால் செயலிழந்து அமைதியாக முடிந்துபோகிறார்கள். அதனால் வேறு வாதநோய் என்று தவறாகக் கணிக்கப்படுவதும் உண்டு.

அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 30 பேர்தான். 2004-இல் அமெரிக்காவில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண்ணை, மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த முறையைப் பிறகு பலருக்குச் செய்தும் பெரும்பாலும் பலன் இல்லை. இந்தியாவிலும் பிழைத்தவர்கள் உண்டு, நிம்ஹான்ஸ் ஆய்வகம் அப்படிப்பட்டவர்களின் நோயை உறுதிசெய்து பதிவு செய்திருக்கிறது. பிழைத்த பலரும் அறிகுறிக்கு முன்பே ஓரிரு தடுப்பூசியாவது போட்டுக்கொண்டவர்கள். ஆனாலும் பெரும்பாலோர் கடுமையான ஊனத்தோடுதான் வாழ்கிறார்கள்.

ஆனால் உண்மையில் தப்பியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கடிபட்டு, ஊசி போட்டுக்கொண்டு, மறந்துபோனவர்கள். திரைப்பட ஜாம்பி நொடியில் மாற்றிவிடும், நிஜக் கிருமியோ நடந்து வருகிறது. பொதுவாக இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும், சில சமயம் ஒரு வாரம், சில சமயம் ஒரு வருடம். 1885 ஜூலை 6-ஆம் தேதி, ஏற்கெனவே கடிபட்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி போட முடிந்ததற்கு இந்த இடைவெளிதான் காரணம். கிருமி உடலுக்குள் புகுந்த பிறகும் வேலை செய்யும் தடுப்பூசி மருத்துவத்தில் அபூர்வம், இது அப்படியொன்று. 'மிருதன்' கதை தொடங்கும் ஊட்டியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், குன்னூரில், 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்கி வருகிறது. தென்னிந்தியாவுக்கு வெறிநாய்க்கடி மருந்து அங்கிருந்து இறங்கியது.

தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்று பெரியவர்கள் இன்றும் பயமுறுத்துகிறார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தின் காலம். அதை இந்தியா 2004-இல் கைவிட்டுவிட்டது. இப்போது கையில் போடும் ஊசிதான். 2006 முதல் தோலுக்குள் சிறிதளவே செலுத்தும் முறையும் வந்தது, ஒரு குப்பி மருந்து பலருக்கு எட்டுகிறது. இதற்காக உழைத்தவர்களில் பெங்களூரு கெம்பேகவுடா மருத்துவக் கல்லூரியின் எம்.கே. சுதர்சன் முக்கியமானவர்.

இவ்வளவும் இருந்தும், 2024-இல் வெளியான தேசிய ஆய்வொன்றின் மதிப்பீட்டில் இந்தியாவில் ஆண்டுக்கு 5,726 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். உலக அளவில் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக அரிது, ஆகவே ஊர் கவிழும் பிரளயம் வரப்போவதில்லை. வைரஸின் வீடு நாய்களின் கூட்டம். ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும். கோவா அப்படிச் செய்து, மனித மரணமே இல்லாத ஆண்டுகளைக் கண்டது. பெங்களூருவாலும் முடியும், சென்னையாலும் முடியும். நாயை அடித்து விரட்டுவதைவிட அதற்கு ஊசி போடுவது நம்மைக் காக்கும்.

நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும், பிறாண்டினாலும், குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே போடும் எதிர்ப்புப் புரத மருந்தையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தரும் தேதிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். நாய் கடித்ததைச் சொன்னால் அடி விழும் என்று மறைக்கும் பிள்ளைகள் உண்டு. சொன்னால் திட்ட மாட்டோம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள்.