சோழருக்குப் பிந்திய தஞ்சாவூர்

தஞ்சாவூர் என்றதும் சோழர் பெயரே முந்திக்கொண்டு வருவது இயல்பெனினும், இராஜேந்திர சோழன் தலைநகரைக் கங்கைகொண்டசோழபுரத்துக்கு மாற்றிச் சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் இந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டு, அதன் இன்றைய தோற்றத்தையும் கலைகளையும் பெருமளவு வகுத்தவர்கள் தெலுங்கு பேசிய நாயக்கர்களும் மராத்தி பேசிய போன்சலே மன்னர்களுமே ஆவர்.

பெரிய கோயிலுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. 1010இல் முதலாம் இராஜராஜன் கட்டி முடித்த கோயிலின் வளாகத்தில், அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்திலும், நுண்ணிய வேலைப்பாடு மிகுந்த முருகன் சந்நிதி நாயக்கர் காலத்திலும் சேர்ந்தவை. போன்சலே மன்னரான இரண்டாம் சரபோஜியோ 1803இல் தம் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் கோயிற் சுவரிலேயே நெடிய கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் கதையைவிட (மாலை வேளையில் கோயிலுக்குள் சென்ற எவரும் அதை நம்ப இயலாது) இச்செய்திகள் வியப்புக்குரியவை.

கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றின் சுவர்களில் இந்தக் காலஅடுக்கு கண்கூடாகவே தெரிகிறது. அங்கே காணப்பட்ட நாயக்கர் கால ஓவியப் பூச்சு பெயர்ந்திருந்த இடங்களில், அடியில் வேறோர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்லும் காட்சி உள்ளிட்ட சோழர் ஓவியங்கள் இவ்வாறே வெளிப்பட்டன. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர், மேலடுக்கு ஓவியத்தையும் இழந்துவிடாதபடி, அதைச் சிதையாமல் உரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தினர். ஒரு காலத்தைக் காண்பதற்காக மற்றொரு காலத்தை அழிக்காத இம்முறை பாராட்டத்தக்கது.

நடனத்தின் வரலாறும் இப்படி இரு காலங்களில் கால் ஊன்றியதே. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிற்பணிக்குரிய ஆடல் மகளிர், ஒவ்வொருவருடைய பெயரையும், தெருவையும், வீட்டின் வரிசை எண்ணையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் என்னும் பங்கையும் இராஜராஜன் கல்வெட்டில் பதிவு செய்தான். விமானத்தின் மேல்தளத்தில் நாட்டிய நூல் கூறும் 108 கரணங்களுள், அதாவது ஆடல் நிலைகளுள், 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்க, எஞ்சியவற்றுக்குரிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஆயினும் இன்றைய பரதநாட்டிய மேடையில் அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை செல்லும் நிகழ்ச்சி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மராத்திய அரசவையைச் சார்ந்திருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரே.

உலகெங்கும் இந்நகரின் பெயரைக் கொண்டு செல்லும் ஓவியமும் மராத்தியர் ஆட்சியில் செழித்ததுதான். பலாப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியையும் பசையையும் குழைத்து நகைகளும் மண்டபத் தூண்களும் வரும் இடங்களை மேடாக்கி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, மேடாக்கிய இடங்களின் மேல் தங்க ரேக்கை ஒட்டுவது அதன் செய்முறை ஆகும்.

1799இல் ஆட்சியுரிமை ஆங்கிலேயரிடம் சென்றுவிட, கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே எஞ்சிய நிலையில், இரண்டாம் சரபோஜி தம் பொழுதையும் பொருளையும் நூல்களுக்கும் மருத்துவத்துக்கும் செலவிட்டார். நாயக்கர் காலத்திலிருந்தே வந்த சரசுவதி மகாலைப் பெருநூலகமாக வளர்த்த அவர், கண்நோயாளிகளின் சிகிச்சையை விழியின் வண்ணப்படங்களோடு குறித்து வைக்கவும் செய்தார்.

1855இல் அவருடைய மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததோடு அரசு முடிந்தது எனினும், உரிமை முழுவதும் போய்விடவில்லை: பெரிய கோயில் உட்பட 88 கோயில்களைக் கொண்ட அரண்மனை தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பு போன்சலே குடும்பத்திடமே தொடர்ந்து இருந்துவருகிறது.