படகின் விளக்கு மங்கும்போது

இரும்புலியூருக்கும் படகுக்கும் என்ன உறவு என்று வாசகர் வியக்கலாம். கிழக்கே கடல், நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நம் ஊரார் அறிந்த நீர்ப்பரப்பு ஏரி ஒன்றுதான். ஆயினும் 2015 டிசம்பர் முதல் நாள் கொட்டிய மழையில், மறுநாள் காலை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு கரை கடந்து முடிச்சூர்ப் பக்கத்து வீதிகளில் புகுந்தது. அப்போது கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து, மாடிகளில் தவித்தவர்களை மீட்டதை இப்பகுதியினர் எளிதில் மறக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவிலுள்ள பெரியவர் ஒருவருக்கு அன்று பிறந்ததுதான் படகின் மீதான பற்று. மின்வேலையிலேயே ஆயுளைக் கழித்து ஓய்ந்தவர் அவர். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் பேருந்து மாறிக் கோவளம் சென்று, அங்குள்ள சிறு படகுகளின் மின் இணைப்புகளைச் சரிபார்த்துக் கொடுப்பதை வழக்கமாக்கிக் கொண்டார். ஒருமுறை நானும் உடன் சென்றேன்.

மணலில் இழுத்துவிட்ட ஒரு ஃபைபர் படகின் அருகே இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் நின்றிருந்தார். "நடுக்கடல்லே விளக்கு மங்கிப் போச்சு ஐயா. பல்பு மாத்தியும் பார்த்தாச்சு. பாட்டரிதான் செத்துப் போச்சு. புதுசு வாங்கக் கடன் கேட்டிருக்கேன்" என்றார்.

விளக்குதானே என்று நாம் எண்ணலாகாது. இருளில் இத்தகைய படகு நீர்மட்டத்தோடு தாழ்ந்து கிடக்கும். கண்ணாடியிழையாலான உடலாதலின் கப்பலின் ராடாரிலும் தெளிவாகப் புலப்படாது. 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள், 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகின் வெள்ளை விளக்கு 2 கடல்மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும் என்கின்றன. மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் வரும் கப்பல் அத்தொலைவை எட்டே நிமிடத்தில் கடந்துவிடும். மங்கிய விளக்கு அந்த எட்டு நிமிடத்தை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைத்துவிடுகிறது.

பெரியவர் பாட்டரியைக் குறை கூறவில்லை. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். ஈய அமிலப் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. முழுமையாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வாக விட்டபின் அளந்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய வறட்சி. அன்று முள் 12.5-இல் நின்றது. விளக்கைப் போட்டு மீண்டும் பாட்டரி முனைகளில் அளந்தார்: 12.4. "பாட்டரி சாகவில்லை தம்பி. செத்ததாயின் சுமை ஏறியவுடன் பத்துக்குச் சரிந்திருக்கும்" என்றார்.

அடுத்து விளக்கைக் கழற்றி, வெறும் கம்பி முனைகளில் அளந்தார். அங்கும் 12.4. "நானும் அளந்து பார்த்தேனே ஐயா, கரண்டு முழுசா வருதே" என்றார் இளைஞர். பலரும் ஏமாறும் இடம் இதுவே. துருவேறி அடைத்த தெருக்குழாயிலும், திறக்காதவரை நீரின் அழுத்தம் குறையாமல் நிற்கும். திறந்தால்தான் நூல்போல் ஒழுகும். மின்னோட்டமும் அத்தகையதே. விளக்கை மீண்டும் இணைத்து, அது எரியும்போதே அதன் முனைகளில் அளந்தபோது 7.5 வோல்ட்தான் இருந்தது. ஏறத்தாழ ஐந்து வோல்ட்டை வழியில் ஏதோ ஒன்று விழுங்குகிறது.

எங்கே? 1827-இல் ஜெர்மானியர் ஓம் வெளியிட்ட விதி இன்றும் கைகொடுக்கிறது. ஓர் ஓம் தடையுள்ள இணைப்பில் 2 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலையும். பெரியவர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையில் பதித்து, மறுமுனையால் பியூஸ், சுவிட்ச், இணைப்பு என வரிசையாகத் தொட்டுச் சென்றார். நல்ல இடங்களில் ஏறத்தாழச் சுழியமே காட்டிற்று. பலகைக்கு அடியில், கம்பியைக் கம்பியோடு முறுக்கி நாடா சுற்றியிருந்த இணைப்பைத் தாண்டியதும் 4.2 என்று துள்ளியது. எஞ்சியது எதிர்முனைக் கம்பியின் துருவேறிய ஆணியில் கிடைத்தது.

நாடாவைப் பிரித்தோம். உள்ளே செம்பு கறுத்திருந்தது. பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உப்புநீர் இழைகளின் வழியே உறைக்குள் ஏறியிருந்தது. ஒரு சாண் நறுக்கியும் கறுப்பே. இன்னொரு சாண் நறுக்கிய பிறகே செம்பு பளிச்சென்றது. வெள்ளீயம் பூசிய கம்பியை இணைத்து, சூடுபட்டால் சுருங்கும் குழலால் மூடி, அடிநீர் தேங்காத உயரத்தில் கட்டினார். ஆணியையும் தேய்த்து வாஸ்லின் தடவினார். இதற்கு ஒரு மணி நேரமும் ஒரு முழக் கம்பியும் செலவாயின.

அதன் பின்னர்தான் அவருக்குக் கோபம் வந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "இது அடிக்கடி போகுது ஐயா" என்றார் இளைஞர். பியூஸ் விளக்கைக் காக்க வந்ததன்று. கம்பியைக் காக்க வந்தது. அதைத் தாளால் ஏமாற்றினால், மின்கசிவு நேரும் நாளில் பியூசுக்குப் பதிலாகக் கம்பியே பழுக்கும். அருகிலோ எரிபொருள் கேன். கண்ணாடியிழை தீப்பற்றினால் நடுக்கடலில் எங்கே இறங்குவது? கம்பியின் தடிமனுக்கு ஏற்ற பியூசைப் பாட்டரிக்கு அருகிலேயே பொருத்திவிட்டே அவர் நகர்ந்தார்.

பாட்டரியை மூடிய பெட்டியில், காற்றோட்டத்துடன், அசையாது கட்டுமாறும் சொன்னார். அதன் அறைக்குள் கடல்நீர் புகுந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். மின்னேற்றும்போதோ ஹைட்ரஜன் வெளிப்படும். பக்கத்தில் பீடி பற்றவைக்கலாகாது. கயிறு இழுத்துக் கிளப்பும் மோட்டார் நின்றுபோனாலும் பாட்டரியைச் சந்தேகிப்போர் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை தம் பொறியைத் தாமே உண்டாக்கிக் கொள்பவை. அவசர நிறுத்தக் கயிறு கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்த்தால் பாதித் தொல்லை தீரும்.

படகிலிருந்த வி.எச்.எஃப். வானொலியைப் பற்றியும் இளைஞர் ஒரு வார்த்தை சொன்னார்: "அடுத்த படகு பேசறது நல்லாக் கேட்குது. நான் பேசப் பொத்தானை அமுக்கினா செத்துப் போகுது." கேட்பதற்கு அக்கருவிக்கு அரை ஆம்பியரும் வேண்டாம், முழுத் திறனில் பேசுவதற்கு ஐந்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். நோயுற்ற இணைப்பு அரை ஆம்பியரைத் தாங்கும், ஐந்தைத் தாங்காது. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கிப் புயல் மீனவர் பலரைக் கொண்டுபோன பிறகு, செய்தி சொல்ல இயலாத கருவி என்றால் என்ன பொருள் என்பதை எந்தக் கடற்கரைக் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும்; கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் உண்டு. ஆனால் கருவியின் மின்கலமோ கைப்பேசியோ வறண்டிருந்தால் இவ்விரண்டாலும் பயனில்லை. வானொலியின் கம்பியை அவிழ்த்தார் பெரியவர். அதே முறுக்கு, அதே நாடா, அதே பச்சை.

வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. எரியும் விளக்கின் முனையில் 12.1 வோல்ட் நின்றது. கடன் கேட்ட இடத்தில் வேண்டாமென்று சொல்லிவிடுவதாக இளைஞர் கூறினார். பெரியவர் அந்த வெள்ளித்தாள் சுருளைத் தம் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. கடலிலிருந்து இளைஞரின் குரல்: "எரியுது ஐயா, நல்லா வெளிச்சமா எரியுது." பெரியவர் உறக்கம் கலையாமலே கேட்டாராம்: "அது சரி தம்பி, அந்தப் புது இணைப்பைத் தொட்டுப் பார். சுடுகிறதா?"