பூட்டிய கணக்கறிக்கையால் யாருக்குப் பயன்?

கோயில் ஆண்டுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கை வாசிக்கும்போது நம்மவர்கள் காட்டும் அக்கறை எனக்குப் பிடிக்கும். "பந்தல் செலவு ஏன் இவ்வளவு?" என்பார் ஒருவர். "ரசீது எங்கே?" என்று இன்னொருவர் எழுவார். ஆனால், நாட்டின் கணக்கறிக்கை நாடாளுமன்றத்தில் தாக்கலாகும் நாளில் அந்த அக்கறையைக் காண முடிவதில்லை.

தேசியக் கணக்காய்வாளர் யாருக்கும் அஞ்சாமல் வேலை செய்ய, கூட்டரசு அரசியலமைப்பு வழி வகுத்திருக்கிறது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் அவரையும் நீக்க முடியும். அவருடைய அறிக்கை மாமன்னரிடம் சென்று, பிறகு மக்களவைக்கு வரவேண்டும் என்கிறது 107ஆவது பிரிவு.

இத்தனை பாதுகாப்பும் 1எம்டிபி விவகாரத்தில் போதவில்லை. 2015 மார்ச்சில் அந்நிறுவனத்தின் கணக்கை ஆராய அமைச்சரவை உத்தரவிட்டது. ஜூலையில், அதை விசாரித்துவந்த பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் துணையமைச்சரானார். அரசாங்கப் பதவியில் இருப்பவர் அக்குழுவில் இருக்க முடியாது. விசாரணை சில மாதங்கள் முடங்கியது. 2016 மார்ச்சில் கணக்காய்வு அறிக்கை தயாரானது. உடனே அது அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2018 மே மாதத்தில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

அறிக்கை குழுவிடம் போவதற்கு முன்பே சில பகுதிகள் நீக்கப்பட்டது பின்னர் தெரியவந்தது. 1எம்டிபியின் 2014 நிதியறிக்கை இரு வேறு வடிவங்களில் இருந்ததும், இயக்குநர் கூட்டம் ஒன்றில் ஜோ லோ கலந்துகொண்டதும் அவற்றில் அடங்கும். மூலப்பிரதிகளை அழிக்கச் சொன்னபோது, கணக்காய்வு அதிகாரி ஒருவர் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தினார். அறிக்கையைத் திருத்தியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்பும் 1எம்டிபி முன்னாள் தலைமை நிர்வாகி அருள் கந்தாவும் 2023 மார்ச்சில் விடுதலையானார்கள். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அந்தப் பகுதிகள் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வராமல் போனதே என் கவலை.

மக்களவையில் அமைச்சர் ஒரு பதில் சொல்கிறார் என்று வையுங்கள். அது சரியா, தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க உறுப்பினரிடம் சுயேச்சையான ஓர் அறிக்கை இருக்க வேண்டும். அதைப் பூட்டிவிட்டால் அமைச்சர் சொன்னதுதான் கணக்கு.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2023இல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். 2024இல் திருத்தப்பட்ட கணக்காய்வுச் சட்டத்தால், அரசாங்க உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களின் கணக்கையும் ஆராய முடியும். 1எம்டிபியின் கதையே 2009இல் அரசாங்கம் உத்தரவாதம் அளித்த 500 கோடி ரிங்கிட் கடன்பத்திரத்தில்தான் தொடங்கியது. ஆனாலும் 1972ஆம் ஆண்டின் இரகசியச் சட்டம் இன்னும் நடப்பில்தான் உள்ளது. கணக்காய்வு அறிக்கை எதற்கும் அந்த முத்திரை விழாது என்ற உறுதி சட்டத்தில் வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தேசியக் கணக்காய்வுத் துறையின் இணையத்தளத்தில் அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளியோ, அம்மா போகும் அரசாங்க மருத்துவமனையோ எந்த அமைச்சின் கீழ் வருகிறதோ, அதைப் பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். மனத்தில் எழும் ஒரு கேள்வியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி அனுப்புங்கள்.