எச்சிலில் தெரியும் முரசு நோய்

"பல் தீட்டேக்கை கொஞ்சம் இரத்தம் வரும் டொக்டர், பிரஷ் குத்தினதாக்கும்" என்று நீரிழிவுக்கு மருந்தெடுக்க வரும் எம்மவர் பலர் சொல்வதுண்டு. முரசு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடத் தொடங்கிய பின்புதான் பலர் பல் வைத்தியரிடம் போகிறார்கள். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். அது தானாகத் திரும்ப வளராது.

பல் வைத்தியர் மெல்லிய கம்பி போன்ற அளவுகோலை முரசுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீற்றர் வரை பொதுவாகப் பயமில்லை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். எக்ஸ்றேயும் எடுப்பார். ஆனால் ஆழமும் எக்ஸ்றேயும் காட்டுவது இதுவரை நடந்த சேதத்தை. அழற்சி இன்றும் தொடர்கிறதா, அடங்கிவிட்டதா என்று அறியத்தான் எச்சில் உதவுகிறது.

கிருமிகளை எதிர்க்க முரசுக்கு வரும் வெண்குருதிக் கலங்கள் எம்.எம்.பி-8 என்ற நொதியத்தை வெளிவிடுகின்றன. பல்லைப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்களை அறுப்பது இதுதான். கிருமியோடு சண்டை பிடிக்கப் போய் எமது உடல் தன் வீட்டையே இடிக்கிறது! இந்த நொதியம் முரசு இடுக்கில் ஊறும் நீரிலும், அதன் வழியே எச்சிலிலும் கலக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிமோ சோர்சா குழுவினர் இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர்கள். இன்று கிடைக்கும் சோதனையில், வாய் கொப்பளித்த நீரை கர்ப்பச் சோதனைப் பட்டி போன்ற ஒன்றில் விடுவார்கள். நொதியம் கூடியிருந்தால் சில நிமிடங்களில் இரண்டாவது கோடு தெரியும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் செய்தால் அழற்சி அடங்குகிறதா என்றும் பார்க்கலாம். எந்தப் பல்லில் பிரச்சினை என்று மட்டும் அது சொல்லாது. அதற்கு அந்த அளவுகோல்தான் வேண்டும்.

புகைப்பவர்கள் "எனக்கு இரத்தமே வாறதில்லை" என்று ஆறுதல்பட வேண்டாம். புகைத்தல் இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும். நீரிழிவுக்காரருக்கு இரு பக்கமும் இடி: சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனி கட்டுப்படாது. முரசுக்குச் சிகிச்சை செய்தவர்களின் எச்.பி.ஏ1சி 3 - 4 மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைந்ததை 2022இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு காட்டுகிறது.

ஒன்ராறியோவில் ஓஹிப் வழமையான பல் வைத்தியச் செலவைக் கொடுப்பதில்லை. தனியார் பல் காப்புறுதி இல்லாத, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்கள் 2024இல் சேவை தொடங்கிய கனேடிய பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். எச்சில் சோதனை எல்லாப் பல் வைத்தியர்களிடமும் இருக்காது. இல்லாவிட்டால், முரசின் ஆழத்தை அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள். நீரிழிவு இருந்தால் அந்தத் தாளை உங்கள் குடும்ப வைத்தியரிடமும் காட்டுங்கள்.