குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் தொழிற்சாலை மேல் தொழிற்சாலை. கார் செய்கிறார்கள்; செல்போன் செய்கிறார்கள். வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் ஆனதும் வாடகை வீடு பிடித்துக் குடித்தனம் வைக்கிறார்கள்.

குழந்தை பிறக்கிறது. சில வீடுகளில், இரண்டு வயதாகியும் அதற்குப் பேச்சு வருவதில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதில்லை. "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்று மாமியார் ஊரிலிருந்து போனில் கேட்பார்.

கிரகணமும் இல்லை, கண்ணேறும் இல்லை. மனவளர்ச்சிக் குறைவு சில குழந்தைகளுக்குப் பரம்பரையாக வருகிறது. இதை உலகுக்குக் காட்டியது ஒரு தாயின் பிடிவாதம்!

பச்சை நிறம்!

நார்வே நாட்டைச் சேர்ந்தவர் போர்க்னி ஈகலண்ட். அவருடைய மகள் லிவ், மகன் டாக் இருவருக்கும் மனவளர்ச்சி இல்லை. குழந்தைகளிடம் ஒரு மக்கிய நாற்றம் வீசியது. தாய் பல டாக்டர்களிடம் ஏறி இறங்கினார். பலன் இல்லை.

1934-ல் ஃபோலிங் என்ற டாக்டர் காது கொடுத்துக் கேட்டார். குழந்தைகளின் சிறுநீரில் ஒரு ரசாயனத்தை விட்டார். அது பச்சையாக மாறியது! மேலும் சோதிக்க, 20 லிட்டருக்கு மேல் சிறுநீர் தேவைப்பட்டது. தாய் அலுக்காமல் சேர்த்துக் கொடுத்தார்.

காரணம் தெரிந்தது. பால், பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் 'பினைல் அலனின்' என்ற சத்து உண்டு. நம் உடம்பு அதைப் பக்குவமாக மாற்றிக்கொள்ளும். அந்தக் குழந்தைகளின் உடம்பால் முடியவில்லை. சத்தே நஞ்சாகி மூளையைக் கெடுத்தது!

அந்தச் சத்தைக் குறைத்து உணவு கொடுத்தால் மூளை தப்பும் என்று 1950-களில் கண்டார்கள். ஆனால், பிறந்த சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். அதற்கு வழி செய்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. 1960-களில் அவர் கொண்டுவந்த சோதனைக்குக் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தமே போதும்.

இந்த நோய் நம் நாட்டில் அபூர்வம்தான். ஆனால் அதே போன்ற சொட்டு ரத்தத்தில் தைராய்டு குறையையும் கண்டுபிடிக்கலாம். அது பெரும்பாலும் பரம்பரை நோய் அல்ல. உடனே கண்டுபிடித்து, தினம் மாத்திரை கொடுத்தால் மூளை காப்பாற்றப்படும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தச் சோதனை செய்வதில்லை. பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

யார் குற்றம்?

லிவ், டாக்குக்கு வந்த நோயில் தாய், தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. மருமகளை ஏசுகிறவர்கள் கவனிக்க: பாதி, மகன் கொடுத்த சொத்து!

சொந்தத்தில் மணந்தால் ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்குச் சுமார் 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். அவர்களுடைய குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

'ஃபிராஜைல் எக்ஸ்' என்று இன்னொன்று. தாயிடம் மறைந்திருந்து, மகனிடம் வெளிப்படும். 'வெள்ளந்தி' என்று ஊரார் ஒதுக்கிய தாய்மாமனுக்கும் அதுவே இருந்திருக்கலாம். இதெல்லாம் பாட்டிக்குத் தெரியும். ஒரகடம் வாடகை வீட்டில் பாட்டி ஏது?

ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு 2005-ல் அங்கே தொடங்கியது. சிறு குழந்தைகளைச் சோதித்து, பயிற்சி தருகிறார்கள். போகுமுன் பாட்டிக்குப் போன் போட்டு, இரு வழியிலும் யாருக்கு என்ன குறை இருந்தது என்று எழுதிக்கொள்ளலாம். டாக்டர் அதைக் கேட்பார்.